பார் என்றால் பதினைந்து

நவம்பர் 4, திங்கள்

புது நோட்டு. பழைய நோட்டில் எண்கள் மட்டும்தான் இருக்கும். இதில் கொஞ்சம் விவரமாக எழுதப்போகிறேன். நாளைக்கு அமுலு பெரிய ஆளான பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்து, "மாஸ்டர், எப்படி உருவாக்கினீங்க?" என்று கேட்டால் உளறிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே விவரம். நான் தணிகாசலம். வயது முப்பத்திரண்டு, தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். என் வலது தோள் கிழிந்து ஆறு வருடம் ஆகிறது. அதனால் நான் தூக்க வேண்டிய எடையையும் சேர்த்து என் மனைவி தூக்குகிறாள். அமுதவல்லி, வீட்டில் அமுலு, என் அத்தை மகள். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. காலை ஐந்தரைக்கு என்னோடு ஷெட்டுக்கு வந்து பயிற்சி செய்துவிட்டு எட்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள்.

ஜனவரி 5 சென்னையில் பளுதூக்கும் தேர்வுப் போட்டி. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. ஐம்பத்தைந்து கிலோ பிரிவில் மொத்தம் 170 தூக்கினால் இடம் உறுதி என்கிறார்கள். பிப்ரவரியில் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும், இதுதான் கடைசி வண்டி. வேலை கிடைத்த பிறகுதான் குழந்தை என்று பேசி வைத்திருக்கிறோம். பெயர்கூட யோசித்து வைத்திருக்கிறாளாம், என்னிடம் சொல்ல மாட்டாளாம்.

இன்றைய நிலவரம்: ஒரே இழுப்பில் தலைக்கு மேல் போகும் ஸ்னாட்ச்சில் 72. தோளில் நிறுத்திப் பிறகு தூக்கும் ஜெர்க்கில் 87. மொத்தம் 159. செப்டம்பரில் இவளே 167 தூக்கினாள். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து ஏறவேண்டியது இறங்கிக்கொண்டு வருகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

அமுலு மறுபடியும் பார் மேல், எடைத் தட்டு மாட்டும் கம்பி மேல், குறை சொல்கிறாள்.

பழைய பார் வளைந்துவிட்டதால் புதியதை நானே நின்று செய்ய வைத்தேன். லேத்துப் பட்டறையில் முழு இரும்புத் தண்டைக் கொடுத்துக் கடைந்த சாமான். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துத்தான் முதல் முதலில் பிளேட்டு மாட்டினோம். அப்பேர்ப்பட்ட பாரைப் பார்த்து, "கைக்கு அடங்க மாட்டேங்குது மாமா, தடியா கீது. பழசுலயே தூக்கறேனே" என்கிறாள்.

"வளைஞ்ச பார்ல தூக்கி முதுக ஒடச்சிக்கப் போறியா?" என்றேன்.

"கனமாவும் கீது."

"தூக்க முடியலன்னா கனமாத்தான் இருக்கும்."

முறைத்துவிட்டுப் போய் அடுத்த பிளேட்டை மாட்டினாள். அவளுக்கு வரும் கோபத்தை எல்லாம் பாரில் காட்டினால் நான் ஏன் பேசப்போகிறேன்.

நவம்பர் 7, வியாழன்

ரூபன் வந்தான். என்னோடு ஒரே காலத்தில் மாவட்டத்துக்குத் தூக்கியவன். இப்போது ஆம்பூர் பக்கம் ஜிம் வைத்திருக்கிறான், கழுத்து என்று ஒன்று இருந்த இடம் தெரியவில்லை. நிலவரத்தைச் சொன்னேன். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"வாரத்துக்கு ரெண்டு. திங்க, வியாழன். எல்லாரும் போடறதுதான் மச்சி. நீ மட்டும் உத்தமனா இருந்து இன்னா கண்ட?"

சத்து ஊசி. அப்படித்தான் எழுதிக்கொள்கிறேன். தோள் அடிபட்ட காலத்தில் எனக்கு நானே ஊசி போட்டுப் பழக்கம் உண்டு. அமுலு இடுப்புப் புடவையை விலக்கிக்கொண்டு திரும்பி நின்றாள்.

"இன்னாது மாமா இது?"

"வைட்டமின்."

"எண்ணெயாட்டம் கீது?"

"நல்ல வைட்டமின் அப்படித்தான் இருக்கும்."

சிரித்தாள். என் மேல் அவளுக்கு இருக்கும் நம்பிக்கை வேறு யார் மேலும் கிடையாது. சில நேரம் அதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

நவம்பர் 13, புதன்

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டது: "சார், பார்பெல்னா பார் தெரியுது. பெல்லு எங்க சார்?" வகுப்பே சிரித்தது. எனக்குத் தெரியும் என்பதால் நானும் சிரித்தேன். அந்தக் காலத்தில் சீமையில் கோயில் மணி அடிக்கிறவர்கள் மாதிரி கயிற்றை இழுத்து உடம்பை வளர்ப்பார்களாம். மேலே மணி மட்டும் இருக்காது, சத்தமும் வராது. அதற்கு ஊமை மணி, இங்கிலீஷில் டம்பெல் என்று பெயர். அந்தப் பெயர் கை எடைக்கு வந்து, பிறகு கம்பியை நீளமாக்கியபோது அதோடு ஒட்டிக்கொண்டது என்று பயிற்சிக் காலத்தில் ஒரு வாத்தியார் சொன்னார்.

சாயங்காலம் அமுலுவிடம் சொன்னேன். "அதான் உனக்கு அந்தப் பார அவ்ளோ புடிச்சிருக்கு. திருப்பிப் பேசாது" என்றாள். அடிக்க ஓங்கினேன், ஓடிப்போய் அடுப்பு மேடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சிரித்தாள். நல்ல நாள்.

நவம்பர் 18, திங்கள்

73, 89. ஏறுகிறது. கோழிக்கால் நாலு, சோறு இரண்டு தட்டு, முட்டை ஆறு. என் பங்குக் குழம்பும் போய்விட்டது.

முகத்தில் பரு கொட்டியிருக்கிறது. கல்லூரிப் பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று கிண்டல் செய்தேன். ரசிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரை வைத்த வேகத்தில் அது நசுங்கிப் போனது.

நவம்பர் 23, சனி

மாதவிலக்கு வரவில்லையாம். எட்டு நாள் தள்ளிப் போயிருக்கிறது. மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கி வந்து பார்த்தாள். ஒரு கோடுதான், கர்ப்பம் இல்லை. அட்டையைத் துணியில் சுற்றித் தூக்கிப் போட்டாள்.

கடும் பயிற்சியில் இதெல்லாம் நடப்பதுதான், தூக்குகிற பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றேன். ஒரு வகையில் நல்லது. மாதம் நாலு நாள் மிச்சம்.

நவம்பர் 28, வியாழன்

அத்தை போன் செய்தார்கள். நான் குளித்துக்கொண்டிருந்ததால் அமுலு எடுத்தாள். அவள் "அலோ" சொன்னதும் அந்தப் பக்கம் அத்தை, "தம்பி, நீ யாருப்பா பேசற? என் பொண்ணு கிட்ட குடு" என்றிருக்கிறார்கள்.

நான் வெளியே வந்தபோது போன் கட்டில் மேல் கிடந்தது. அத்தை அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எடுத்து, அமுலுவுக்குத் தொண்டைக் கட்டு, பனிக்காலம் பாருங்கள் என்று சொல்லி வைத்தேன். அமுலு கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தேன். பிறகு வியாழக்கிழமை என்பதால் ஊசி.

டிசம்பர் 3, செவ்வாய்

75, 92. மொத்தம் 167. செப்டம்பர் அளவைப் பிடித்துவிட்டோம்.

கம்பெனியில் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம். சூப்பர்வைசர் கேட்டால் தலையாட்டுகிறாளாம். நல்லதுதான், வேலை நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எழுதிய பிறகு படித்தால் நல்லதாகத் தெரியவில்லை. கோடு போட்டு அழிக்காமல் விடுகிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம். கம்பெனி மருத்துவ அறையில் ஒரு லேடி டாக்டர் பார்த்திருக்கிறார். ரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லி, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதி, ஒரு சீட்டை எனக்கென்று கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரர் கிட்ட குடுங்கன்னாங்க. இன்னா எழுதிக்கீது மாமா?" அமுலுவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வரும், டாக்டர் கையெழுத்து வராது.

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லிக்கீது. தேர்வு முடியட்டும், எல்லாத்தையும் ஒண்ணா பாத்துடலாம்."

சீட்டு என் பர்ஸில் இருக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

இரண்டு நாள் மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர். புது பார் முழுக்கத் துரு. பட்டறையில் கொடுத்துத் துருவை எடுக்கலாம், போகிற வழியில் வளைந்த பழைய பாரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இரண்டையும் குட்டியானை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு பாஷா பாய் கடைக்குப் போனேன். கடை ஆள் அவசரத்தில் இரண்டையும் சேர்த்துத் தராசு மேடையில் வைத்துவிட்டார்.

"இன்னா மாஸ்டர், ஒண்ணு பதினஞ்சுன்னீங்க. ரெண்டும் சேந்து முப்பத்தாறு காட்டுது?" என்றார் பாய்.

பாரை யாரும் நிறுப்பதில்லை. பிளேட்டில் எண் அடித்திருக்கும். பெண்கள் பார் என்றால் பதினைந்து கிலோ. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பதினாலு வருடமாக நான் அப்படித்தான் கூட்டுகிறேன், எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் கூட்டினார்.

ஒன்றை இறக்கச் சொன்னேன். பழையது பதினைந்து, முள் அசையாமல் நின்றது. அதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கச் சொன்னேன். இருபத்தொன்று. பாய் தராசின் நேர்மை ஊரறிந்தது. ஆனால் பழையதுக்கு உண்மையும் புதியதுக்குப் பொய்யும் சொல்ல அதற்கு என்ன அவசியம்? மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். பட்டறைக்காரனிடம் கெட்டியாகப் போடு, கெட்டியாகப் போடு என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்தான்.

ஒவ்வொரு தூக்கலிலும் ஆறு கிலோ கூடுதல். நவம்பர் 4 அன்று அவள் தூக்கியது 72 அல்ல, 78. 87 அல்ல, 93. மொத்தம் 171. வேண்டியது 170. அவள் இறங்கவே இல்லை. ஏறிக்கொண்டுதான் இருந்தாள்.

ரூபன் வந்தது நவம்பர் 7.

பழைய பாரையும் போடாமல் இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்து ஷெட்டில் வைத்தேன். இன்று திங்கள், ஊசி நாள். வீட்டுக்கு வந்து போட்டுவிட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

அமுலுவிடம் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொல்லவில்லை. இப்போது சொன்னால் மனம் அலைபாயும். பார் கனம் என்று தெரியாமலே பழகினால் சென்னையில் உண்மையான பார் பூ மாதிரி இருக்கும். பெரிய பெரிய கோச்சுகளே இந்த மாதிரி உத்தியைக் கையாளுகிறார்கள்.

எந்தக் கோச் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

இன்றைக்கு நிறுத்தியிருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு சரிந்துவிடும் என்று ரூபன் சொல்லியிருந்தான். போட்டேன். ஊசியை எடுத்தபோது, "இன்னும் எத்தினி மாமா?" என்று கேட்டாள். அந்தக் குரலுக்கு நான் இன்னும் பழகவில்லை. அடுத்த அறையில் இருந்து அவள் கூப்பிட்டால், யாரோ ஆள் வந்திருக்கிறான் என்று ஒரு கணம் உடம்பு தூக்கிப் போடுகிறது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

டிசம்பர் 16, திங்கள்

கடைசி ஊசி. மூன்று வாரம் இருக்கிறது, எல்லாம் சிறுநீரில் போய்விடும் என்பது ரூபன் கணக்கு.

டாக்டர் சீட்டை இன்று மறுபடி படித்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

டிசம்பர் 19, வியாழன்

சென்னையில் மருந்துச் சோதனை இருக்கலாம் என்று பளுதூக்கும் சங்கத்துச் செயலாளர் சாதாரணமாகச் சொன்னார். ரூபனுக்குப் போன் செய்தேன்.

"எது குடுத்தேன் உனக்கு? எண்ணெ மாதிரி இருந்ததா? அப்படின்னா... அது கொஞ்ச நாள் இருக்கும் மச்சி."

"கொஞ்ச நாள்னா?"

"மாசக்கணக்குல. ஆளப் பொறுத்து. நெறையா தண்ணி குடிக்கச் சொல்லு."

அதன் பிறகு நான் கூப்பிடும்போதெல்லாம் அணைத்து வைத்திருப்பதாக வருகிறது.

டிசம்பர் 26, வியாழன்

77, 95. பாரின் உண்மைக் கணக்கில் 83, 101. இந்த மாவட்டத்தில் ஒரு பெண்ணும் தொட்டதில்லை. கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "மீனு துள்றாப்ல கீது மாமா" என்றாள். நானும் கை வைத்துப் பார்த்தேன். அடித்தது, நின்றது, மூன்று தடவை சேர்த்து அடித்தது.

தேர்வுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்பாள். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். கையை எடுத்துவிட்டு, தண்ணீர் குடி என்றேன்.

ஜனவரி 1, புதன்

கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது அமுலு பேசவில்லை. நான்தான் சொன்னேன். முந்தானையை முகத்தைச் சுற்றி இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் முடியை நூல் போட்டு எடுத்த இடம் சிவந்திருந்தது.

திரும்பும்போது, "வேல கெடச்சதும் டாக்டர் கிட்ட போலாம் இல்ல? கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்றேன். டாக்டர் அந்தச் சீட்டில் என்னிடம் கேட்டிருந்ததும் ஏறக்குறைய அதைத்தான்: ஆண் ஹார்மோன் ஊசி ஏதாவது போடுகிறீர்களா, உங்களுக்குக் குழந்தை வேண்டாமா என்று.

ஜனவரி 4, சனி

சென்னை. விடுதியில் எடை பார்த்தோம். 54.6. நாளைக்கு 170 தாண்டினால் வேலை. சோதனைக்காரர்கள் வராமல் இருக்க வேண்டும். வந்தால் அவளைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும். பேருந்தில் வழி முழுக்க இதையே வேண்டிக்கொண்டு வந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள், கிழிந்த தோளில். வலித்தது, நகரவில்லை.

ஜனவரி 6, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், நடந்தபடியே.

போட்டிக்கு முன்னால் உடம்பைச் சூடேற்றும் அறையில் எட்டு பார்கள் கிடந்தன. எல்லாம் முத்திரை போட்டவை. அமுலு குனிந்து வெறும் பாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலைக்கு மேல் தூக்கினாள். இறக்கினாள். பிறகு விரலால் பாரைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் மற்ற விரல்களைத் தாண்டி மடங்கியது. பக்கத்தில் இருந்த பாரை எடுத்தாள். அதுவும் அப்படியே. இன்னொன்று.

"மாமா, இது எத்தினி?"

"பதினஞ்சு."

"நம்மளுது?"

நான் கையில் பூசும் வெள்ளைத்தூள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். மூடி வரவில்லை.

"நம்மளுது எத்தினி மாமா?"

அவளிடம் நான் இதுவரை எவ்வளவோ சமாளித்திருக்கிறேன். நேற்று வரவில்லை. "இருபத்தொண்ணு" என்றேன்.

கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி தைத்தோம் என்று மனக்கணக்காகவே கூட்டுகிறவள். உதடு அசைந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ தீபாவளி முடிஞ்சப்பவே எனக்கு நூத்தி எழுவத்தொண்ணு இருந்துச்சி."

"ம்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"போன மாசம். ஒம்போதாந்தேதி."

"அன்னிக்கும் போட்ட இல்ல? அதுக்கப்புறமும் ரெண்டு போட்ட." கொஞ்சம் நிறுத்தினாள். "அது வைட்டமினே இல்ல, இல்லியா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன், காலில்கூட விழுந்திருப்பேன். அவள் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, முதல் முயற்சிக்கு எடை எழுதும் மேசைக்குத் தானே நடந்து போனாள். நான் எண்பது என்று மனதில் வைத்திருந்தேன். அவள் எழுபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தாள்.

மேடைக்குப் போனாள், தூக்கினாள். பக்கத்தில் நின்ற கோச் ஒருவர், "இன்னும் பத்து கிலோ இருக்கே இந்தப் பொண்ணுகிட்ட" என்றார். அமுலு மீதி இரண்டு முயற்சியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஜெர்க்கில் தொண்ணூற்று மூன்று எழுதினாள். தூக்கினாள், தூக்கல் செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. அதிலும் மீதி வேண்டாம் என்றாள். மேசைக்காரர் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். கூட்டத்தில் சலசலப்பு. இரண்டாவதாக வந்தவளோடு இரண்டே கிலோ வித்தியாசத்தில் முதலிடம், மொத்தம் நூற்று எழுபத்தொன்று.

இறங்கி வந்து பட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். "நான் தூக்கனது என்னுது. மீதி உன்னுது, நீயே வச்சிக்கோ" என்றாள்.

சோதனைக்காரர்கள் அப்போதே வந்துவிட்டார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண், கையில் தாள், முதலிடம் வந்தவர் யார் என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, அவளுக்கு உடம்பு சரியில்லை, நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். நெஞ்சு விஷயம் பொய்யும் இல்லை. அமுலு என்னைத் தாண்டிப் போய், "நான்தாங்க" என்றாள். அட்டைக்காரி அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். என்னை உள்ளே விடவில்லை. கதவு முழுசாகச் சாத்தவில்லை.

தண்ணீர் கொடுத்தார்கள். அரை மணி நேரம் போனது. பிறகு தாளில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிற குரல் கேட்டது. அண்மையில் ஏதாவது மருந்து, மாத்திரை, ஊசி?

"ஊசி. நவம்பர் ஏழுலேந்து. திங்கக்கெழம, வியாழக்கெழம. மொத்தம் பன்னெண்டு." எண்ணி வைத்திருக்கிறாள். நான்கூட எண்ணவில்லை, இப்போது நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், சரியாகப் பன்னிரண்டு.

"என்ன ஊசிம்மா?"

"தெரியாதுங்க. வைட்டமின்னு சொன்னாங்க. இல்லன்னு இன்னிக்கித்தான் தெரியும்."

"இத எழுதினா இந்த வேலை கிடைக்காதும்மா. தடையும் வரும். தெரியும் இல்ல?"

"தெரியும். எழுதுங்க. டாக்டர் யாருனா இருந்தா என்ன இன்னிக்கே பாக்கச் சொல்லுங்க. எனக்குக் கொழந்த பொறக்குமான்னு கேக்கணும்."

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குள் நான் ஓடியிருக்கலாம், ஓடவில்லை. பிறகு அந்தப் பெண், ஊசி போட்டது யார் என்று கேட்டாள். அமுலு என் பெயரைச் சொன்னாள். கல்யாணமான மூன்று வருடத்தில் அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுதுகிறவளுக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது, திருப்பிச் சொல்லச் சொன்னாள். அமுலு அந்தக் கட்டைக் குரலில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, மறுபடியும் சொன்னாள்.